பின்னாடி சார் முன்னாடி போன வாரம்

"சார், மறுபடியும் கிறீச்சுங்குது."

ரிசப்ஷன் பெண் இதைச் சொன்னபோது பராமரிப்பு அதிகாரி தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை. அந்த நேரத்தில் அவரிடம் எந்தப் பிரச்சினையையும் கொண்டுபோகக் கூடாது என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்ற நேரங்களில் கொண்டுபோனாலும் பயன் கிடையாது என்பதும் தெரியும்.

"எது கிறீச்சுங்குது?"

"அதான் சார் தெரியல. அப்பப்ப கேக்குது. பல்லு கூசுது."

"உன் நாற்காலியா இருக்கும்மா."

"நாற்காலிய எத்தனையோ தடவை மாத்தியாச்சு சார். நான் எந்திரிச்சு நின்னாலும் கிறீச்சுங்குது."

அவர் யோசித்தார். யோசிப்பதுபோல் ஒரு வாய் தேநீர் குடித்தார். பிறகு, எதிர்பார்த்த பதிலையே சொன்னார்.

"சரி விடு. பின்னாடி பாத்துக்கலாம்."

அவருக்கு 'பின்னாடி சார்' என்ற பெயர் வந்தது இப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. லிஃப்டில் ஏதோ வாசம் வருகிறது என்றால் பின்னாடி பாத்துக்கலாம். மூன்றாம் மாடியில் எலி ஓடுகிறது என்றால் பின்னாடி பாத்துக்கலாம். ஆச்சரியம் என்னவென்றால், வாசம் தானாகப் போய்விட்டது. எலியும் அலுத்துப்போய்ப் பக்கத்துக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. "பாதிப் பிரச்சினை பயமுறுத்த வர்றதுதான்யா. கண்டுக்கலேன்னா அதுவே வெக்கப்பட்டுப் போயிடும்" என்பது அவருடைய கொள்கை. இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்.

அது நாற்காலி செய்யும் கம்பெனி. சுழலும் நாற்காலி, சாயும் நாற்காலி, முதுகுவலிக்காரர்களுக்கான நாற்காலி என்று எல்லாம் அங்கே உண்டு. முகப்பின் உச்சியில் ஒரு மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு நாற்காலியைக்கூட நிறுத்திவைத்திருந்தார் முதலாளி. வழி கேட்பவர்களுக்கு 'பெரிய நாற்காலி ஆபீஸ்' என்றால் போதும், டாக்ஸிக்காரர் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் யார் தலைநிமிர்ந்து பார்ப்பார்கள்? சோதனைப் பிரிவில் நாள் முழுக்க கிறீச், கிறீச்தான்.

தேநீர் முடிவதற்குள் ஹெச்.ஆர். மேடம் வந்துவிட்டார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். இப்போது மிகவும் தாழ்த்தியிருந்தார்.

"சார், விஷயம் தெரியுமா? கேன்டீனை வெளி ஏஜென்சிகிட்ட குடுத்துட்டாங்க."

"நல்லதுதானே. டீ நல்லா இருக்கும்."

"அடுத்து ஒரு டிபார்ட்மென்ட்டைக் குடுக்கப் போறாங்களாம். முதலாளி இன்னிக்கு ஊருக்குப் போறாரு. வெள்ளிக்கிழமை நம்ம நாற்காலி வாங்கற வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிக்கிட்டு வர்றாரு. வந்ததும் முடிவு சொல்றாராம்."

"எந்த டிபார்ட்மென்ட்டு?"

மேடம் அவரையே பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். பின்னாடி சார் கோப்பையைக் கீழே வைத்தார்.

முதலாளியை வழியனுப்ப வாசலுக்கு ஓடினார். இதுவரை அவர் யாரையும் வழியனுப்பியதில்லை. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. முதலாளி படியிறங்கும்போது நின்று, ஒரு கணம் அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார். பிறகு காரில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பிய நேரத்தில் பின்சீட்டிலிருந்து விரலை ஆட்டிக் கூப்பிட்டார்.

"உங்களைத்தான். இங்க வாங்க."

"ஐயா!"

"முன்னாடி பாருங்க. நாற்காலி ஆடுது. இப்பவே கவனிக்கலேன்னா..."

அதற்குள் கார்க் கண்ணாடி சர்ரென்று மேலே ஏறிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் பின்னாடி சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேட்கவில்லை என்று முதலாளியிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் முதலாளி நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் எதையோ பிடித்துத் திருகுவதுபோல் அழுத்தமாகத் திருகிக் காட்டினார். கார் போய்விட்டது.

பின்னாடி சார் தூறலில் பேயறைந்தவர்போல் நின்றார்.

அன்று மாலை வீட்டில் தட்டைத் தொடவில்லை. அவர் மனைவிக்கு இது பெரிய அதிர்ச்சி.

"என்னங்க, உடம்புக்கு முடியலயா?"

"என் நாற்காலி ஆடுதாம்டி. முதலாளியே நேர்ல சொல்லிட்டாரு."

"ஐயையோ! எப்படிச் சொன்னாரு?"

"'முன்னாடி பாருங்க, நாற்காலி ஆடுது'ன்னாரு. எல்லாத்தையும் பின்னாடி பாத்துக்கலாம்னு விடற ஆளு நானு. இனிமே முன்னாடியே பாக்கணும், இல்லேன்னா வேலை காலின்னு அர்த்தம். நாலு விரலைக் காட்டினாரு. நாலு நாள் கெடு. அப்புறம்..." அவர் இரண்டு கைகளாலும் திருகிக் காட்டினார். "கழுத்தைத் திருகிடுவாராம்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்படி ஒண்ணு ஆயிட்டா, என் தம்பி கடைலயே..."

"அந்தப் பேச்சை எடுக்காத!"

அவருடைய மச்சினன் டைல்ஸ் கடை வைத்திருந்தான். அக்கா புருஷனுக்கு எப்போதும் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அங்கே போய் நின்று, "மாமா, அந்தப் பாத்ரூம் டைலை எடுங்க. அது இல்ல மாமா, பக்கத்துல. என்ன மாமா நீங்க!" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் அந்தப் பையன் சொல்வதைக் கேட்பதா? நினைக்கும்போதே அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"நாளைலேர்ந்து நான் வேற ஆளு," என்றார். "இனிமே எதுவும் நடக்கறதுக்கு முன்னாடி நான் அங்க நிப்பேன்."

"எல்லாத்தையும் முன்னாடி செய்யறதாங்க புத்திசாலித்தனம்? எதை இப்பவே செய்யணும், எதை விட்டுப் பிடிக்கணும்னு பாத்துச் செய்யுங்க."

"உனக்கு ஆபீஸ் விஷயம் புரியாது. தூங்கு."

பாவம், அந்த அம்மாள் சொன்னதை அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை, தேநீர்கூடக் குடிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அந்த மனிதருக்கு அதிர்ச்சியில் கையிலிருந்த டெஸ்டர் நழுவியது. பின்னாடி சார் தானாக யாரையும் கூப்பிட்ட சரித்திரமே அங்கே இல்லை.

"எது ரிப்பேர் சார்?"

"எதுவும் ரிப்பேர் இல்ல. அதனாலதான் கூப்பிட்டேன்."

எலக்ட்ரீஷியன் திருதிருவென்று விழித்தார்.

"இவ்வளவு நாள் கெட்டுப்போனதைச் சரி பண்ணினோம். இனிமே கெட்டுப்போகாததைச் சரி பண்ணப் போறோம். புரியுதா?"

"சார், கெட்டுப்போகாததை எப்படி..."

அந்த நேரம் பார்த்து ரிசப்ஷன் பெண் குறுக்கே வந்தாள்.

"சார், அந்த கிறீச்சு. இன்னிக்கு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. ஒரு ஏணி போட்டு எங்கேருந்து வருதுன்னு..."

"அம்மா!" அவர் கையை உயர்த்தினார். "அது ஏற்கெனவே வந்துட்ட பிரச்சினை. அது பின்னாடி. இப்ப நான் இன்னும் வராத பிரச்சினையை மட்டும்தான் பாக்கறேன்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஒளி இருந்தது.

முதலில் லிஃப்ட். லிஃப்ட் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு நன்றாக ஓடுகிறதென்றால் எந்த நிமிடமும் நின்றுவிடலாம் அல்லவா? வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே இருக்கும்போது நின்றுவிட்டால்? உடனே லிஃப்ட் மெக்கானிக்கை வரவழைத்தார்.

"நல்லாத்தானே சார் ஓடுது?" என்றார் மெக்கானிக்.

"எல்லாத்தையும் கழட்டிப் பாருங்க. ஒரு ஸ்க்ரூ விடாம."

மெக்கானிக் கழற்றினார். மதியத்துக்குள் லிஃப்டின் வயிறு முழுவதும் தரையில் செய்தித்தாள்மேல் பரப்பிக் கிடந்தது. அதில் ஒரு பல்சக்கரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது அது மெக்கானிக்கின் கையிலேயே இரண்டாகப் பிளந்தது.

"அடடா. இதை இப்ப யாரும் செய்யறதே இல்லயே சார். எங்கேயாவது தேடித்தான் புடிக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"சொல்ல முடியாது சார். அது பாட்டுக்கு எண்ணெய்ல ஊறிக்கிட்டுக் கெடந்துச்சு. தொடாம விட்டிருந்தா நீங்க ரிட்டயர் ஆனப்புறமும் ஓடியிருக்கும்."

பின்னாடி சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார். "பாத்தீங்களா, உள்ள ஒரு வீக்னஸ் இருந்துச்சு. முன்னாடியே கண்டுபுடிச்சிட்டோம்!" என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னார்.

லிஃப்ட் இல்லாததால் மொத்த ஆபீஸும் படியில் ஏறி இறங்கியது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். இத்தனை பேர் இந்தப் படியில் நடந்தால் ஒருவராவது வழுக்கி விழமாட்டாரா? இதுவரை யாரும் விழவில்லை. அதனால் என்ன? விழுவதற்கு முன்னாடி தடுக்க வேண்டாமா?

கடையில் போய்க் கேட்டார். "கால் வழுக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு பூச்சு குடுங்க."

"இதை அடிங்க சார். எருமை ஓடினாலும் வழுக்காது."

எல்லோரும் வீட்டுக்குப் போனதும் மேலிருந்து கீழ்வரை அடித்து முடித்தார்கள். விடிவதற்குள் காய்ந்துவிடும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. வெயில் காலத்தில் மட்டும்தான் காயும் என்று எழுதவில்லை. அதை மழைக்காலம் தெரிந்தவர்கள் தாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும்போல.

புதன்கிழமை காலை தலைமைக் கணக்கர் முதல் ஆளாகப் படியேறினார். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு அவருக்கு. மேலே பாதி தூரம் போனதும் சத்தம் கேட்டது.

"யோவ்! யாராவது வாங்கய்யா! காலு வரமாட்டேங்குது!"

கடை ஆள் சொன்னது சத்தியமான உண்மை. வழுக்கவே இல்லை. கணக்கரின் ஷூக்கள் படியோடு படியாக ஒட்டிக்கொண்டன. இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்ததில் மனிதர் வந்துவிட்டார், ஷூக்கள் வரவில்லை. அவை இரண்டும் பாதி வழியில் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் மேலே ஏறிக்கொண்டிருப்பதுபோல் நின்றன.

"இது யார் வேலை?" என்று சாக்ஸோடு நின்றபடி கத்தினார் கணக்கர்.

"நீங்க வழுக்கி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் பின்னாடி சார்.

"நான் ஏன்யா வழுக்கி விழறேன்? இத்தனை வருஷமா ஏறி இறங்கறேன், ஒரு நாளாவது விழுந்திருக்கேனா?"

"அதான் சார் பயமே!"

கணக்கர் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்ய முடியும்?

லிஃப்டும் போய், படியும் போய், மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் கீழே வரவேற்புக் கூடத்தில் குவிந்தார்கள். விற்பனைப் பிரிவு சோபாவில், வடிவமைப்பாளர்கள் தரையில், கணக்கர் செருப்புக்கூட இல்லாமல் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஒரே ஒரு மின்சாரப் பெட்டியில் இருபது கணினிகளைச் செருகியிருந்தார்கள். ரிசப்ஷன் பெண் போனை எடுத்து, "நாற்காலி கம்பெனி, வணக்கம்," என்பதற்குள் நாலு பேர் அவள் மேஜையில் காபியை வைத்தார்கள். வெளியே காற்று வலுத்திருந்தது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலேயும் அந்தக் கிறீச் அவளுக்குக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள், சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

ஹெச்.ஆர். மேடம் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சார், தயவுசெஞ்சு நிறுத்துங்க. நீங்க சும்மா இருந்தப்ப இந்தக் கட்டடம் எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

"மேடம், நீங்கதானே சொன்னீங்க, வெள்ளிக்கிழமை முடிவுன்னு."

"சொன்னேன். ஆனா நான் இப்படிச் சொல்லலயே!"

"பயப்படாதீங்க. இன்னும் ரெண்டே ரெண்டு விஷயம்தான் பாக்கணும்."

மேடத்தின் முகத்தில் ஈ ஆடவில்லை.

வியாழக்கிழமை அவர் பார்த்த முதல் விஷயம் அந்த மின்சாரப் பெட்டி. இருபது வயர் செருகியிருக்கிறது. சூடாகும். தீப்பிடிக்கலாம். தீப்பிடித்தால் அணைக்கும் சிலிண்டர் வேலை செய்யுமா? இது நியாயமான கேள்விதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவர் தேர்ந்தெடுத்த வழியைத்தான் நம்மால் ஜீரணிக்க முடியவில்லை.

"சார், அதோட சேஃப்டி பின்னை இழுத்தா தூள் கொட்டறது நிக்காது," என்றார் எலக்ட்ரீஷியன். "முள்ளைப் பாருங்க, பச்சைல இருக்கு. நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"முள்ளை நம்பச் சொல்றீங்களா? வெளிநாட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு ஏமாத்திட்டா?"

"வெளிய கொண்டுபோயாவது..."

இழுத்துவிட்டார்.

அது வேலை செய்தது. எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றால், கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடம் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. யாருக்கும் யாரையும் தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது. தூள் அடங்கியபோது விற்பனைப் பிரிவே மாவில் புரட்டி எடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. ரிசப்ஷன் பெண்ணின் புருவங்களையே காணவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குக் காட்ட வரிசையாக நிறுத்தியிருந்த புத்தம்புதிய கறுப்பு நாற்காலிகள் எல்லாம் ஒரே ராத்திரியில் மூப்படைந்தவைபோல் நரைத்திருந்தன.

"சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு," என்று ஒரு குரல் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்றது இன்னொரு குரல். அது கணக்கருடையது.

தூளைக் கழுவ வேண்டும். கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். அப்போது அவருக்கு இரண்டாவது விஷயம் நினைவுக்கு வந்தது. இவ்வளவு தண்ணீரைத் திறந்துவிடும்போது குழாய் உடைந்தால்? அடைப்பதற்கு மெயின் வால்வு திரும்புமா? படிக்கட்டுக்குக் கீழே துருப்பிடித்து உட்கார்ந்திருந்த அந்த வால்வை, அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை.

"சார், வேணாம்," என்றார் எலக்ட்ரீஷியன். உண்மையிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். அது அதும்பாட்டுக்கு இருக்கு சார்."

"லிஃப்டையும் இப்படித்தான் சொன்னாங்க!"

"அதேதான் சார் நானும் சொல்றேன்!"

பின்னாடி சார் இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகினார். முதலாளி காருக்குள்ளிருந்து திருகிக் காட்டினாரே, அதே மாதிரி அழுத்தமாக. வால்வின் தலை கையோடு வந்துவிட்டது. அடுத்து என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் கூரையைத் தொட்டது. வெள்ளைத் தூளும் தண்ணீரும் சேர்ந்து கூடம் முழுக்கக் கூழாக ஓடியது. கையில் துருப்பிடித்த இரும்புத் துண்டோடு, தொப்பலாக நனைந்து அவர் நின்ற கோலத்தைப் பார்த்து யாருக்கும் திட்டக்கூட மனம் வரவில்லை.

அன்று மாலை வீட்டு வாசலில் மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பாதி வெள்ளை, பாதி சேறு.

"எதுவும் கேக்காத," என்றார். குரல் உடைந்திருந்தது. "உன் தம்பிக்குப் போன் போட்டு, டைல்ஸ்ல எத்தனை வகை இருக்குன்னு மட்டும் கேட்டு வை."

அவள் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். அந்த ஆள் கெட்டவர் இல்லை, சோம்பேறிகூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பயந்துவிட்டார், அவ்வளவுதான். பயத்தில் ஓடுகிறவனுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்க்க நேரம் இருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது பலத்த காற்றோடு விடிந்தது. முன்கூடத்துக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். வாசலில் சேறு. ஓர் ஆள் கால் வைக்க முடியாது. பின்னாடி சார் வேறு வழியில்லாமல் மொத்த ஆபீஸையும் கட்டடத்துக்குப் பின்னால், சரக்கு ஏற்றும் தகரக் கொட்டகைக்கு மாற்றினார். ரிசப்ஷன் பெண்ணின் மேஜையைக்கூட எலக்ட்ரீஷியன் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் ஒரு ஈ, காக்கை இல்லை.

"எல்லாரும் வந்துட்டீங்களா? முன்னாடி யாராவது மிச்சம் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"என் ஷூ ரெண்டும் இருக்கு," என்றார் கணக்கர்.

பத்து மணி வாக்கில் முதலாளியின் கார் தெருமுனையில் திரும்பியது. பின்னால் வெளிநாட்டுக்காரர்களின் பெரிய வண்டி. பின்னாடி சார் குடையைத் தேடினார். வாசலில் போய் நின்று அந்தச் சேற்றை முதலாளி பார்த்துவிட்டால் அந்த நிமிடமே கதை முடிந்தது. குறைந்தபட்சம் கொட்டகை வழியாக உள்ளே கூட்டிப்போய், ஒரு தேநீரைக் கையில் கொடுத்து, மெதுவாகச் சொல்லலாம். குடையை எடுத்துக்கொண்டு வெளி கேட்டுக்கே ஓடினார். காற்று குடையைத் தலைகீழாகப் புரட்டியது. அதையே கொடிபோல் ஆட்டினார்.

"பின்னாடி! பின்னாடி வாங்க! முன்னாடி வராதீங்க! பின்னாடி!"

வாழ்க்கை முழுக்கச் சொன்ன ஒரே வார்த்தை கடைசியில் அதற்குத்தான் பயன்பட்டது. டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் வண்டியைப் பக்கச் சந்துக்குள் திருப்பினார். பெரிய வண்டியும் திரும்பியது. அவர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

கார்கள் கொட்டகை முன் நின்றன. முதலாளி ஒரு காலைக் கீழே வைத்தார்.

அப்போது முன்பக்கத்திலிருந்து கிறீ...ச் என்று ஒரு நீண்ட சத்தம் வந்தது. சோதனைப் பிரிவில் எந்த நாற்காலியும் அப்படி அழுததில்லை. அதைத் தொடர்ந்து தரை அதிர்ந்தது. கொட்டகைத் தகரம் கிடுகிடுத்தது. கண்ணாடிகள் நொறுங்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

ரிசப்ஷன் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சார்... அந்த கிறீச்சு நின்னுடுச்சு."

எல்லோரும் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். முகப்பின் உச்சியில் வானம் மட்டும் இருந்தது. ஒரு மாடி உயர இரும்பு நாற்காலி, வாசல் கூரையை உடைத்துக்கொண்டு, கார்கள் வந்து நிற்கும் இடத்தில் நாலு காலையும் பரப்பிக் குப்புற விழுந்து கிடந்தது. அதன் முதுகு கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போய், ரிசப்ஷன் மேஜை நேற்றுவரை இருந்த இடத்தில் படுத்திருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹெச்.ஆர். மேடம் அவளை இறுகக் கட்டிக்கொண்டார்.

பின்னாடி சார் தலையில் கைவைத்தார். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். லிஃப்ட், படி, தூள், தண்ணீர், இப்போது இதுவும். இதைத் தான்தான் செய்ததாகவே அவருக்குத் தோன்றியது. மற்ற எல்லாவற்றையும் செய்தவர் இதை மட்டும் விட்டுவைத்திருப்பாரா?

முதலாளி விழுந்துகிடந்த நாற்காலியைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். காலியாக இருந்த கூடத்தையும், பிரித்துக் கிடந்த லிஃப்டையும், படியில் ஒட்டி நின்ற ஷூக்களையும் பார்த்தார். திரும்பி, பின்பக்கத்திலிருந்து வந்து நிற்கும் மொத்த ஊழியர்களையும் ஒருமுறை தலை எண்ணுவதுபோல் பார்த்தார். அவர் கண்களில் நீர் நின்றது. நேராக வந்து பின்னாடி சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அது இனிமே நிக்காதுன்னு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டீங்களேய்யா! சொன்னதுக்கு மேலயே செஞ்சிட்டீங்க. ஒரு உசுருக்கும் சேதம் இல்லாம மொத்த ஆபீஸையும் காலி பண்ணி வெச்சிருக்கீங்களே! லிஃப்டு, படி, தண்ணி, ஒரு வழி விடாம அடைச்சிருக்கீங்களே!"

"ஐயா, அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. இனிமே உங்களை எவனும் அசைக்க முடியாது. ஏஜென்சியாவது ஒண்ணாவது! மேடம், குறிச்சுக்கங்க, இவருதான் இனி இங்க எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கற ஆளு."

மேடம் குறித்துக்கொண்டார். கணக்கர் தன் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டுக்காரர்கள்கூட வரிசையாக வந்து அவருடைய சேறு படிந்த கையைக் குலுக்கினார்கள். எல்லோரும் போன பிறகு பின்னாடி சார் முதலாளியின் காரில் சாய்ந்துகொண்டார். மச்சினன் கடை கண்முன்னிருந்து டைல் டைலாக மறைந்துபோனது. பக்கத்தில் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஐயா போட்ட எச்சரிக்கைப்பா," என்றார் நெகிழ்ந்துபோய். "அன்னிக்குக் காருக்குள்ள இருந்து எனக்கு ஒரு பாடமே நடத்திட்டாரு. என் நாற்காலி ஆடுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லலேன்னா, நான் இந்த வாரம் விரலைக்கூட அசைச்சிருக்க மாட்டேன்."

டிரைவர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க நாற்காலியா? மேல நின்னுச்சே, அந்த இரும்பு நாற்காலி ஆடுது, நாலு போல்ட்டைத் திருகச் சொல்லுங்க போதும்னுதான சார் ஐயா சொன்னாரு... சாரல் அடிக்குதேன்னு நான்தான் பாதில கண்ணாடியை ஏத்திட்டேன்!"